சீப்ரா மீன் முட்டையில் நரம்பு முகடு: ஒரு பழைய நுணுக்குக்காட்டியோடு பார்த்தது

நரம்பு முகடு என்று சொன்னதும் என்னிடம் உயிரியல் படிக்க வரும் பிள்ளைகள் ஒரு பட்டியலை மூச்சு விடாமல் ஒப்புவிப்பார்கள். தாடையின் கசியிழையம், பல்லின் தந்தினியை உண்டாக்கும் கலங்கள், தோலின் நிறக்கலங்கள், குடற்சுவரின் நரம்புக் கலங்கள், அதிரீனல் சுரப்பியின் உட்பகுதி. எல்லாம் சரி. முதுகில் ஒரே வரம்பில் பிறந்த கலங்களில் ஒன்று வாய்க்கும் இன்னொன்று குடலுக்கும் எப்படிப் போனது என்று கேட்டால்தான் கொப்பியைப் புரட்டத் தொடங்குவார்கள்.

அந்தப் பயணத்தைத் திருகோணமலையில் ஒரு வீட்டு மேசையில் வைத்துக் காட்ட முடியுமா என்று செய்து பார்த்ததன் பதிவு இது. முடியும். நடந்துகொண்டிருக்கும் கலங்களை மங்கலாகத்தான் பார்க்கலாம். அவை போய்ச் சேர்ந்த இடங்களை மிகத் தெளிவாகப் பார்க்கலாம்.

முதலில் ஆளை அறிமுகப்படுத்திவிடுகிறேன். முள்ளந்தண்டுளிகளின் முளையத்தில், முதுகுப் பக்கத்தில், வெளி அடுக்கான புறப்படையில் ஒரு பகுதி தடித்து நரம்புத் தட்டாகி, பிறகு நரம்புக் குழாயாகிறது. மூளையும் முண்ணாணும் அதிலிருந்து வருபவை. அந்தத் தட்டுக்கும் தோலாகப் போகும் பகுதிக்கும் நடுவே இரண்டு பக்கமும் ஒரு எல்லை இருக்கிறது அல்லவா, அந்த எல்லையில் உள்ள கலங்கள்தான் நரம்பு முகட்டுக் கலங்கள். குழாய் மூடும் காலத்தில் இவை பக்கத்துக் கலங்களோடு கொண்டிருந்த ஒட்டை விட்டுவிட்டு, தனித்தனியாகக் கழன்று, உடல் முழுக்கப் பரவுகின்றன. கோழி முளையத்தில் இந்தப் பட்டியை முதலில் விவரித்தவர் வில்ஹெல்ம் ஹிஸ், 1868இல். எந்தக் கலம் எங்கே போனது என்று நிச்சயமாகச் சொல்ல நூறு வருடத்துக்கு மேல் பிடித்தது. பிரான்சின் நிகோல் லு துவாரன், காடையின் கலக்கருவில் நிறவுருப் பொருள் ஒரு கட்டியாகத் திரண்டு நிற்பதையும் கோழியில் அப்படி இல்லாததையும் 1969இல் ஒரு அடையாளமாகப் பிடித்துக்கொண்டார். காடை முளையத்திலிருந்து சிறு துண்டு நரம்புக் குழாயை எடுத்துக் கோழி முளையத்தில் நட்டால், பிறகு எங்கெல்லாம் காடைக் கலம் தெரிகிறதோ அங்கெல்லாம் முகடு போயிருக்கிறது என்று கணக்கு.

வீட்டில் செய்பவர்கள் பெரும்பாலும் கோழி முட்டைக்குத்தான் போவார்கள். ஓட்டில் சிறு சாளரம் வெட்டி உள்ளே பார்ப்பது. எனக்கு அது சரிவரவில்லை. 38 பாகையை இரவு பகலாகப் பிடித்து வைக்கும் அடைகாப்பான் வேண்டும், கரண்ட் போனால் எல்லாம் போச்சு. அதோடு, பார்த்து முடித்ததும் அந்த முளையத்தை என்ன செய்வது என்று பிள்ளைகள் கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. சீப்ரா மீனில் இந்தத் தொல்லை கிடையாது. முட்டை உடலுக்கு வெளியே, தண்ணீரில் வளர்கிறது. கண்ணாடி மாதிரித் தெளிவு. பார்த்து முடித்த குஞ்சைத் தொட்டியிலேயே வளர்க்கலாம். உலகெங்கும் ஆய்வுகூடங்கள் இதை வளர்க்கும் வெப்பநிலை 28.5 பாகை செல்சியஸ். திருகோணமலை உப்புவெளியில் மின்விசிறி ஓடும் அறை அதைவிடக் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். சூடாக்க எதுவும் தேவையில்லை.

மீனை விட நுணுக்குக்காட்டிதான் என்னை வேலை வாங்கியது.

கிடைத்தது ஒரு பழைய ஒற்றைக்கண் கருவி. மூடிவிட்ட ரியூஷன் வகுப்பொன்றின் அலுமாரியில் பல வருடம் கிடந்தது. கீழே இருந்த ஆடி உடைந்து போயிருந்தது, குவியத் திருகு இரண்டு கையாலும் அசையாது, வில்லைக்குள் வெள்ளை நூல் மாதிரிப் பூஞ்சணம். என்.சி. வீதியில் மணிக்கூடு திருத்தும் ஐயாவிடம் கொண்டுபோனேன். கண்ணில் வில்லையைச் செருகி ஒருமுறை பார்த்துவிட்டு, "பிள்ளை, இது பழுதில்லை. உப்புக் காத்து செய்த வேலை. நீங்களே கழுவலாம்" என்று திருப்பித் தந்துவிட்டார். எந்தத் திருகுக்கு எந்தப் பக்கம் சுற்று என்று மட்டும் காட்டித் தந்தார். அதற்குக் காசும் வாங்கவில்லை.

திருகு இறுகியதற்குக் காரணம் துரு குறைவு, பழைய கிறீஸ் பசையாகக் காய்ந்தது கூட. பற்சட்டத்தையும் பற்சில்லையும் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பல் தூரிகையால் தேய்த்தால் பழுப்புக் கூழாகக் கழன்று வரும். நன்றாகத் துடைத்துக் காயவைத்த பிறகு புதுக் கிறீஸ் மெல்லிய பூச்சாக. இங்கே ஒன்று கவனிக்க வேண்டும்: சைக்கிளுக்குப் போடும் மெல்லிய எண்ணெயை விட்டால் திருகு இலகுவாகச் சுற்றும், ஆனால் குழல் தன் பாரத்தில் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். கண்ணால் பார்க்கும்போது அது தெரியாது. மணிக்கணக்காகப் படம் எடுக்கும்போது குவியம் நழுவிப் போயிருக்கும். பெரும்பாலான கருவிகளில் பெரிய திருகின் இரண்டு கைப்பிடிகளையும் எதிரெதிராகச் சுற்றினால், அல்லது அதன் கழுத்து வளையத்தை இறுக்கினால், இழுவை கூடும். அதைச் செய்த பிறகு என்னுடையது நின்ற இடத்தில் நிற்கிறது.

பூஞ்சணத்துக்கு ஐசோபுரோப்பைல் மதுசாரமும் வில்லைத் தாளும். கண்வில்லையை முழுதாகக் கழற்றித் துடைத்தேன். பொருள்வில்லைகளை நான் பிரிக்கவில்லை, யாரும் பிரிக்க வேண்டாம். உள்ளே சிறு வில்லைகள் வரிசை மாறினால் அதோடு சரி. வெளி முகத்தை மட்டும் துடைத்தாலே 4 மடங்கும் 10 மடங்கும் நன்றாக வந்துவிட்டன. 40 மடங்கு வில்லை இந்த வேலைக்கு உதவாது. முட்டை ஏறத்தாழ 1 மி.மீ. தடிப்பு, அந்த வில்லையோ பொருளுக்கு அதைவிடக் கிட்டப் போனால்தான் குவியும். முட்டையில் போய் இடிக்கும். இப்போது கருவியை சிலிக்கா ஜெல் பைகளோடு மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். கடலோரத்தில் வில்லை வைத்திருக்கும் எவருக்கும் இது கட்டாயம்.

உடைந்த ஆடிக்குப் பதில் 5 வோல்ட் எல்.ஈ.டி. விளக்கு, அதன் மேல் பால்நிறப் பிளாஸ்டிக் துண்டு. பவர் பேங்கில் ஓடும். மின்வெட்டைப் பற்றிக் கவலை இல்லை. பொருத்தி முதல் முட்டையை வைத்துப் பார்த்தால் வெள்ளை வட்டத்துக்குள் வெள்ளை நிழல். ஒளி நேராகக் கீழிருந்து வரும்போது, தெளிவான பொருளில் நிழல் விழுவதற்கே எதுவும் இல்லை. இதற்கு மருந்து ஒரு கறுப்பு மட்டைத் துண்டு. மேடைக்குக் கீழே, ஒளி வரும் வழியில் பாதியை அதனால் மறைக்க வேண்டும். ஒளி சாய்வாக ஏறும், உடனே முளையம் புடைப்பாக எழுந்து நிற்கும், ஒவ்வொரு கலத்தின் விளிம்பும் தெரியத் தொடங்கும். மட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளிப் பார்த்து நல்ல இடத்தில் பசைநாடாவால் ஒட்டிவிடலாம். இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இந்த மட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பணம் செலவழித்து உருப்பெருக்கத்தைக் கூட்டுவதை விட இது எவ்வளவோ மேல்.

முட்டை எடுப்பது இலகு. அலங்கார மீன் கடையில் வயிறு பருத்த பெண்களும், மெலிந்து கொஞ்சம் மஞ்சள் பாய்ந்த ஆண்களும் கேட்டு வாங்கினேன். மாலையில் சிறு பெட்டியில் நடுவே ஒரு தடுப்பு வைத்து இரண்டையும் பிரித்து விட வேண்டும். அடியில் காய்கறி வடிக்கும் பிளாஸ்டிக் கூடை. முட்டை அதன் ஓட்டை வழியே கீழே விழுந்துவிடும், இல்லாவிட்டால் பெற்றவர்களே தின்றுவிடுவார்கள். காலையில் வெளிச்சம் வந்ததும் தடுப்பை எடுத்தால் கொஞ்ச நேரத்தில் இடத் தொடங்கும். ஒரு பெண் ஒரே காலையில் நூற்றுக்கு மேலும் இடும். தேநீர் வடியால் அள்ளி, ஒரு நாள் திறந்து வைத்த குழாய்த் தண்ணீரில் கழுவி, மெதிலீன் நீலம் ஒரு துளி விட்ட தண்ணீரில் வைத்தேன். தண்ணீர் இளநீலமாகத் தெரிந்தால் போதும். வெள்ளையாக மாறும் முட்டைகள் செத்தவை, அன்றன்றே எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சணம் மற்றவற்றுக்கும் பரவும்.

அடுத்த சிக்கல் நேரம். முட்டை விடிகாலை ஆறு மணியளவில் கருக்கட்டினால், 28.5 பாகையில் முதற்பிரிவு முக்கால் மணித்தியாலத்தில், முதுகின் இரண்டு பக்கமும் வரிசையாக வரும் உடற்றுண்டங்கள் தோன்றத் தொடங்குவது 10ஆவது மணியில், அதன் பிறகு ஏறத்தாழ அரை மணிக்கு ஒரு துண்டம். உடற்பகுதியில் நரம்பு முகட்டுக் கலங்கள் கிளம்புவது 16ஆவது மணிக்குக் கிட்ட. அதாவது இரவு பத்து மணி. பிள்ளைகளை அந்த நேரத்தில் எந்த வீட்டிலும் அனுப்ப மாட்டார்கள்.

அதோடு என் அறை 28.5 இல்லை, பகலில் 31ஐத் தொடும். இதற்கு ஒரு சிறு கணக்கு இருக்கிறது. சீப்ரா முளைய வளர்ச்சியைப் படி படியாக வகுத்து 1995இல் கிம்மலும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட கட்டுரையில் வருவது: வெப்பநிலையை 0.055ஆல் பெருக்கி, 0.57ஐக் கழி, 28.5 பாகைக்குச் சொல்லப்பட்ட மணியை அந்த விடையால் வகு. 31 பாகைக்கு விடை 1.135. ஆகவே 24 மணிப் படிநிலை ஏறத்தாழ 21 மணியிலேயே வந்துவிடும். மீன்தொட்டி வெப்பமானியைக் கிண்ணத்துக்குள்ளேயே போட்டு வைத்தேன். அறையின் வெப்பநிலையை எடுத்தால் கணக்குப் பிழைக்கும், விளக்குக்கு மேலே இருக்கும் தண்ணீரின் சூடு வேறு.

நேரத்தைப் புரட்டுவதற்கு மீன்களின் விடியலைப் புரட்டினேன். தொட்டியைக் கறுப்புத் துணியால் முற்றாக மூடி, உள்ளே நேரங்காட்டியோடு ஒரு மின்குமிழ். 14 மணி வெளிச்சம், 10 மணி இருட்டு, ஆனால் அவற்றின் காலை நமது மாலை. மீன்கள் பழக நாள் எடுக்கும், அவசரப்படக் கூடாது. கிழக்குக் கரையில் சூரியன் வெள்ளெனவே ஜன்னலால் வந்துவிடும், துணியில் ஒரு கிழிசல் இருந்தாலும் அவற்றுக்கு உண்மையான விடியல் தெரிந்துவிடும். பழகிய பிறகு மாலை ஆறு மணிக்கு முட்டை, அடுத்த நாள் காலை வகுப்புக்குச் சரியான பருவம்.

முளையத்தை அசையாமல் வைக்க, நோன்புக் காலத்தில் இங்கே எல்லாக் கடையிலும் கிடைக்கும் கடற்பாசியை (அகார்) காய்ச்சி, கிண்ணத்தில் மெல்லிய படையாக ஊற்றி, உறையும் முன் பிளாஸ்டிக் அட்டையின் விளிம்பை அழுத்திப் பள்ளம் எடுத்தேன். அந்தப் பள்ளத்தில் முளையம் பக்கவாட்டில் படுத்துக் கிடக்கும். கராம்புத் தைலம் விட்டு மயக்கலாம் என்று மீன் வளர்ப்பவர்கள் சொல்வார்கள். இந்த வேலைக்கு அது தேவையே இல்லை என்பது என் எண்ணம்.

சரி, என்ன தெரிந்தது?

17, 18 மணிப் பருவத்தில் முதுகின் மேல் விளிம்பை 10 மடங்கில் குவித்து, மட்டையைச் சரிசெய்து, கைபேசியைக் கண்வில்லையில் பொருத்தி நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்தேன். கண்ணால் பார்த்தால் எதுவும் நகரவில்லை. படங்களைச் சேர்த்து ஓட்டினால், நரம்புத் தண்டின் மேற்புறத்தில் ஒழுங்கில்லாத சில கலங்கள் காலை நீட்டி, இழுத்து, மறுபடி நீட்டி உடற்றுண்டத்துக்கும் நரம்புத் தண்டுக்கும் இடையிலுள்ள இடுக்கில் இறங்குகின்றன. இது முதல் வழி. சில மணி நேரம் கழித்துத்தான் தோலுக்கும் உடற்றுண்டத்துக்கும் நடுவேயுள்ள வெளி வழி திறக்கிறது. அதில் போவது நிறக்கலமாகப் போகிறவை மட்டும். என் படங்களில் உள் வழிக் கலங்கள் ஐந்தாறுதான் ஐயமில்லாமல் தெரிந்தன. இடையிடையே முளையம் வாலைச் சுருட்டி உதறும், படம் குழம்பிவிடும். அந்தப் பருவத்தில்தான் அது அசையப் பழகுகிறது, குற்றம் சொல்ல முடியாது.

பள்ளிக்கூடப் படங்களில் நரம்புத் தட்டு இரண்டு பக்கமும் மடிந்து குழாயாவதாக வரைந்திருக்கும். கோழியிலும் மனிதரிலும் அப்படித்தான். சீப்ராவில் தட்டு நடுவில் திரண்டு முதலில் திண்மத் தண்டாகி, பிறகுதான் உள்ளே வெளி உண்டாகிறது. மடிப்பைத் தேடிக்கொண்டு இருக்க வேண்டாம்.

24 மணி தாண்டியதும் வேலை சுலபமாகிவிடுகிறது. நிறம் வரத் தொடங்குகிறது. காதாகப் போகும் குமிழிக்குக் கிட்ட, முதுகுப் பக்கத்தோலில் மை தெளித்தது போலச் சில புள்ளிகள். பிறகு அலை வாலை நோக்கிப் போகும். அதே நேரத்தில் கண்ணும் கறுக்கும். "ரீச்சர், கண்ணுக்கும் அதே கலம்தானே போயிருக்கு?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். இல்லை. விழித்திரைக்குப் பின்னாலுள்ள கறுப்புப் படை மூளையின் சுவரே வெளியே பிதுங்கி வந்தது. அது எங்கும் நடந்து வரவில்லை. தோலில் இருப்பது நடந்து வந்தது. இரண்டிலும் மெலனின் என்ற அதே கறுப்பு நிறப்பொருள்தான், ஊர் வேறு. அவள் கேட்டிருக்காவிட்டால் நான் அதைச் சொல்ல மறந்திருப்பேன்.

48 மணிக்குப் பக்கமாக, முதுகில் ஒன்று, பக்கத்தில் ஒன்று, வயிற்றில் ஒன்று, மஞ்சட்கருவின் அடியில் ஒன்று என்று நான்கு கோடுகள் தெளிகின்றன. ஒவ்வொரு புள்ளியும் முதுகிலிருந்து கிளம்பி அந்த இடத்துக்கு வந்த ஒரு கலம். முன்பு எடுத்த மங்கல் படங்களை இதற்குப் பக்கத்தில் வைத்துக் காட்டியபோதுதான் பிள்ளைகளுக்கு விளங்கியது: இறங்கி வந்த வழி அது, இறங்கிய இடம் இது. கறுப்பைத் தவிர மஞ்சள் நிறக்கலமும் வெள்ளி நிறக்கலமும் இதே முகட்டிலிருந்துதான். வெள்ளியைப் பார்க்கக் கீழ் விளக்கை அணைத்துவிட்டு, கறுப்புத் தாளின் மேல் கிண்ணத்தை வைத்து, பக்கத்திலிருந்து டோர்ச் அடிக்க வேண்டும். முதலில் கண்ணில் மின்னும்.

பொரித்த குஞ்சுகளில் கொஞ்சத்தை வெள்ளைத் தாளின் மேல் வெளிச்சத்திலும், கொஞ்சத்தைக் கறுப்புப் பெட்டிக்குள்ளும் வைத்து ஐந்தாம் நாள் பார்த்தோம். வெளிச்சத்தில் இருந்தவற்றின் புள்ளிகள் குண்டூசி முனை அளவு. இருட்டில் இருந்தவை கிளை விரித்துப் பெரிதாக, குஞ்சே கறுத்துப் போயிருந்தது. கலம் அசையவில்லை, கலத்துக்குள் மெலனின் துணிக்கைகள் பரவுவதும் நடுவுக்குக் கூடுவதும்தான். இருட்டுக் குஞ்சைப் பார்க்கும்போது விளக்கு வெளிச்சத்திலேயே அது வெளிறத் தொடங்கும், ஆகவே படத்தை உடனே எடுத்துவிடுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது குடல். நாலாம் ஐந்தாம் நாளில் குஞ்சின் குடல் அலை அலையாகச் சுருங்கி விரிவது 4 மடங்கிலேயே தெரிகிறது. அந்த அலையை ஒழுங்குபடுத்தும் நரம்புக் கலங்கள், தலைக்குப் பின்பக்கத்து முகட்டிலிருந்து வந்து, குடலின் முன்முனையில் நுழைந்து, பின்முனை வரை நடந்தவை. மனித முளையத்தில் இந்த நடை ஏறத்தாழ 4ஆம் வாரத்திலிருந்து 7ஆம் வாரம் வரை. சிலவேளை அவை பெருங்குடலின் கடைசிப் பகுதிவரை போய்ச் சேர்வதில்லை. அங்கே நரம்புக் கலம் இல்லை, அந்தத் துண்டு தளராது, மலம் முன்னே போகாது. ஏறத்தாழ 5000 பிறப்புகளில் ஒன்றில் வரும் இந்த நிலைக்கு, 1886இல் அதை விவரித்த டென்மார்க் மருத்துவர் ஹிர்ஷ்ஸ்ப்ருங்கின் பெயர். நரம்பில்லாத துண்டை வெட்டி, நல்ல குடலைக் கீழே இணைப்பதுதான் சிகிச்சை. பட்டியலில் "குடல் நரம்புகள்" என்ற ஒரு சொல்லாக மட்டும் கிடப்பது, ஒரு குழந்தையின் முதல் இரண்டு நாளில் இப்படி வந்து நிற்கிறது.

தாடையையும் பார்க்கலாம். மூன்றாம் நாள் வாய் முன்னே தள்ளிக்கொண்டு திறக்கும். அதைத் தாங்கும் கசியிழையம் தலை முகட்டிலிருந்து வந்தது. இதை 1893இல் ஜூலியா பிளாட் பல்லி போன்ற ஈரூடகவாழியான ஒரு நீர்வாழ் சலமந்தரில் பார்த்துச் சொன்னார். தலையின் கசியிழையம் புறப்படையிலிருந்து வருகிறது என்று. கசியிழையம் முளையத்தின் நடு அடுக்கான இடைப்படைக்கே உரியது என்று நம்பியிருந்த காலம், யாரும் ஏற்கவில்லை. பெண்ணுக்குப் பல்கலைக்கழகத்தில் நிரந்தர வேலையும் கிடைக்கவில்லை. கலிபோர்னியாவின் பசிபிக் குரோவ் ஊரில் குடியேறி, 1931இல் அந்த ஊரின் மேயராகி, கடற்கரையில் ஒரு பகுதியைக் காப்பிடமாக்கினார். இங்கே நிலாவெளிக் கடலிலுள்ள காப்பிடமான புறாத்தீவுக்குப் போய்வந்த என் பிள்ளைகளுக்கு அவருடைய கசியிழையத்தை விடக் கடல்தான் மனதில் நின்றது.

குஞ்சுகளுக்கு ஐந்தாம் நாளிலிருந்து தீனி வேண்டும். வைக்கோல் ஊறிய தண்ணீரில் வளரும் பரமேசியம் என்ற ஒற்றைக்கல உயிரைக் கொடுக்கிறேன், பிறகு அவித்த மஞ்சட்கரு, மிகச் சிறிதாக. சீப்ரா இலங்கையின் மீன் இல்லை, ஆகவே மிஞ்சியதைக் குளத்திலோ வாய்க்காலிலோ விடக் கூடாது. கேட்கும் பிள்ளைகளுக்குச் சோடி சோடியாகக் கொடுத்துவிடுகிறேன். அடுத்த தொட்டியில் இப்போது தங்கநிறச் சீப்ரா இருக்கிறது. அதில் கறுப்புக் கலங்கள் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்கின்றன, உள்ளே மெலனின் துணிக்கைகள்தான் குறைவு. காரணமான பரம்பரையலகு 2005இல் கண்டுபிடிக்கப்பட்டு, மனிதத் தோல் நிறத்திலும் அதற்குப் பங்கு உண்டு என்று தெரியவந்தது. பெண் மீன் வயிறு வைத்திருக்கிறது. தடுப்பு போட்டாயிற்று.